அடி உங்களுக்கா, பிம்பத்துக்கா? மிரர் இமேஜ் கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டத்தில் யாராவது மிரர் இமேஜ் (தன்னைப் போலவே மூன்று மாயப் பிம்பங்களை உருவாக்கும் மந்திரம்) போட்டால், அடுத்த பத்து நிமிடம் அரக்கனோடு சண்டை நடக்காது, விதிப்புத்தகத்தோடுதான் நடக்கும். வந்த கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று: 2014 புத்தகமும் 2024 புத்தகமும் இந்த மந்திரத்தை வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. பாதிச் சண்டைகள் இதனால்தான்.

2014-இல், எதிரி உங்களைக் குறிவைத்ததுமே, அவர் அட்டாக் ரோல் (அடி படுமா என்று பார்க்கும் பகடை உருட்டல்) போடும் முன்பே, நீங்கள் இருபது முகப் பகடையை உருட்டுகிறீர்கள். மூன்று பிம்பம் இருந்தால் 6, இரண்டு இருந்தால் 8, ஒன்று இருந்தால் 11. அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் அடி பிம்பத்தின் பக்கம் திரும்பும். பிம்பத்தின் ஏசி (அடி படுவதற்கு அட்டாக் ரோல் எட்ட வேண்டிய எண்), 10-உடன் உங்கள் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (சுறுசுறுப்புக்கான கூட்டல் எண்). 2024-இல் வரிசை தலைகீழ். முதலில் அடி உங்கள் மேல் பட வேண்டும். பட்டபிறகு, மிச்சமிருக்கும் பிம்பத்துக்கு ஒன்று வீதம் ஆறுமுகப் பகடை உருட்டுகிறீர்கள். ஏதாவது ஒன்றில் 3 அல்லது மேல் விழுந்தால் ஒரு பிம்பம் உடையும், நீங்கள் தப்பித்தீர்கள்.

கேள்வி: மூன்று பிம்பங்களோடு நிற்கும் மந்திரவாதி மேல் ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்பு உருண்டை) போட்டேன். பிம்பங்கள் எல்லாம் எரிந்துபோகாதா?

எரியாது. அட்டாக் ரோலில் அடி பட்டால் மட்டுமே பிம்பம் உடையும். மற்ற எல்லாச் சேதத்தையும் அது கண்டுகொள்வதில்லை. மந்திரவாதி சேவ் (பாதிப்பைத் தவிர்க்கவோ குறைக்கவோ போடும் உருட்டல்) போடுகிறார், தீய்ந்துபோகிறார், பக்கத்தில் மூன்று பிம்பமும் அப்படியே நிற்கின்றன. ஹோல்ட் பெர்சன் (ஆளை அசையவிடாமல் செய்யும் மந்திரம்) மாதிரி சேவ் கேட்கிற எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். “அட்டாக் ரோல் போட்டாயா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் பிம்பத்துக்கு இதில் வேலையே இல்லை.

கேள்வி: மேஜிக் மிஸைல் (மந்திர அம்புகளை விடும் மந்திரம்)? அது குறிவைத்து அடிக்கிறதுதானே?

குறிவைக்கிறது, ஆனால் ரோல் கிடையாது. அதனால் நேராக உங்கள் மேல்தான். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று பிம்பம் இருக்கிற தைரியத்தில், 7 ஹிட் பாயின்ட்டோடு (உயிர்ப் புள்ளி) முன்வரிசையில் போய் நின்றேன். எதிரி மந்திரவாதி மூன்று மிஸைல் விட்டார்: 4, 3, 5. விழுந்துவிட்டேன்.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மிரர் இமேஜுக்கு கான்சென்ட்ரேஷன் (மந்திரத்தைத் தக்கவைக்கும் கவனம்) தேவையில்லை, நினைவு தப்பினாலும் மந்திரம் போகாது. பிம்பங்கள் நாம் செய்வதையே செய்யும் என்பதால், தரையில் ஒரே மாதிரி நான்கு உடல்கள். கத்தியோடு வந்த கோப்ளினுக்கு எதைக் குத்துவதென்று தெரியவில்லை. அது ஒரு பிம்பத்தைக் குத்தி உடைத்த நேரத்தில் எங்கள் கிளெரிக் (குணப்படுத்தும் மதகுரு) வந்து என்னை எழுப்பிவிட்டார்.

கேள்வி: ஸ்கார்ச்சிங் ரே மூன்று கதிர் விடுகிறது. ஒரு தடவை உருட்டினால் போதுமா?

போதாது. ஒவ்வொரு கதிரும் தனி அட்டாக், ஒவ்வொன்றுக்கும் தனியாக உருட்டுங்கள். முதல் கதிரில் ஒரு பிம்பம் போனால் அடுத்ததற்கு இரண்டு பிம்பக் கணக்கு. பல கதிர் விடும்போது எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரத்துக்கும் இதுவே. மிரர் இமேஜை வேகமாகத் தீர்க்க வேண்டுமா, பெரிய அடி ஒன்றைவிடச் சின்ன அடி நான்கு மேல். ஆளுக்கொரு அம்போடு நிற்கும் கோப்ளின் கூட்டம் இதில் ராட்சதனைவிட ஆபத்தானது.

கேள்வி: பிளேட் கவசம் போட்ட என் எல்ட்ரிச் நைட்டுக்கு (மந்திரமும் தெரிந்த போர்வீரர்) இந்த மந்திரம் லாபமா?

2014 விதியில் கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் ஏசி 18, ஆனால் பிம்பம் பிளேட் கவசம் போட்ட மாதிரி தெரிவதோடு சரி. அதன் ஏசி 10 அல்லது 11. தட்டினால் உடையும். உங்கள் மேல் வந்திருந்தால் கவசத்தில் பட்டு வீணாகியிருக்கும் அடிகூடப் பிம்பத்தை உடைத்துவிடும். 2024 விதியில் அந்தக் கவலை இல்லை. 18-ஐ எட்டிய, தாண்டிய அடிகளுக்கு மட்டும்தான் பிம்பம் செலவாகும். மூன்று பிம்பம் இருக்கும்போது 27-இல் 26 தடவை தப்பிக்கிறீர்கள், ஒன்று மிச்சம் இருந்தால்கூட மூன்றில் இரண்டு. பழைய விதியில் மூன்று பிம்பத்துக்கு 75 சதவீதம், ஒன்றுக்குப் பாதிக்குப் பாதி. 2024 புத்தகம் இந்த மந்திரத்துக்குத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஃபைட்டர் “கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறேன்” என்கிறார். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்று இல்லை. பார்க்க முடியாதவரை இந்த மந்திரம் பாதிக்காது என்று 2014 புத்தகமே சொல்கிறது. ஆனால் பார்க்காமல் வெட்டினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக 60 சதவீதம் அடிபடும் என்றால், கண்ணை மூடினால் 36 சதவீதம். கண்ணைத் திறந்து மூன்று பிம்பத்துக்கு எதிரே அடித்தால் உண்மையான ஆள்மேல் படுவது 15 சதவீதம்தான். ஒரே ஒரு பிம்பம் இருந்தாலும் 30. ஆக உங்கள் ஃபைட்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுவே அடிபடும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்து, கடைசிப் பிம்பம் மட்டும் மிச்சம் என்றால், கண்ணைத் திறந்து வைப்பதே நல்லது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கண்ணை மூடியவரை அடிக்கிறவர்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் கூடுதலானதை எடுப்பது), அவருக்கோ ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகும் எதிரியை அடிக்கும் வாய்ப்பு) கிடையாது. தன் முறை முடிந்ததும் கண்ணைத் திறந்துகொள்வேன் என்றால்? நான் டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவர்) இருந்தால், அடுத்த முறை வரை மூடியே இருக்கட்டும் என்பேன். அது என் தீர்ப்பு, புத்தகத்தில் கிடையாது. 2024 புத்தகம் பிளைண்டட் (பார்வையிழந்த) நிலை என்றே குறிப்பிடுகிறது. கண்ணை மூடுவது அந்த நிலையில் சேருமா என்பது உங்கள் டிஎம் கையில்.

கேள்வி: புகைக்குள் நின்றுகொண்டு மிரர் இமேஜ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடும். ஃபாக் கிளவுட் (மூடுபனி), டார்க்னஸ் (இருள்) எதுவானாலும் எதிரி உங்களைப் பார்க்க முடியாவிட்டால் பிம்பத்தால் அவரை ஏமாற்ற முடியாது. பிளைண்ட்சைட் (கண் இல்லாமலே உணர்வது), ட்ரூசைட் (மாயையைத் தாண்டிப் பார்ப்பது) உள்ளவர்களிடமும் இது செல்லாது. அதனால் ட்ரூசைட் தரும் ட்ரூ சீயிங் மந்திரம் போட்டவர் முன்னால் நின்று பெருமையடிக்க வேண்டாம்.

கேள்வி: பிளரும் (உருவத்தை மங்கலாக்கி, அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் தரும் மந்திரம்) சேர்த்துப் போட்டிருக்கிறேன். பிம்பத்தை அடிக்கும்போதும் டிஸ்அட்வான்டேஜ் உண்டா?

2014-இல் இல்லை. பிளர் “உங்களுக்கு எதிரான” அட்டாக்குக்குத்தான். அடி பிம்பத்தின் பக்கம் திரும்பிய பிறகு அது உங்களுக்கு எதிரானது இல்லை. ஒளி பட்டவரை அடிக்க அட்வான்டேஜ் தரும் ஃபேரி ஃபயர் மந்திரத்துக்கும் இதே நியாயம் மறுபக்கமாக: ஒளி பட்டது உங்கள் மேல், பிம்பத்தை அடிக்க எதிரிக்கு அட்வான்டேஜ் கிடையாது. 2024-இல் எல்லா ரோலும் முதலில் உங்களுக்கு எதிராகத்தான் போடப்படுகிறது. அதனால் பிளர் முழுசாக வேலை செய்யும். நல்ல ஜோடி.

கேள்வி: இன்ஃபிளிக்ட் வூண்ட்ஸ் (தொட்டுக் காயப்படுத்தும் மந்திரம்) பிம்பத்தின்மேல் பட்டுவிட்டது. செலவான ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. 2014-இல் அது அட்டாக் ரோல் மந்திரம், பிம்பத்தோடு சேர்ந்து அதுவும் போயிற்று. 2024-இல் அதைக் கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) சேவாக மாற்றிவிட்டார்கள், எனவே அங்கே பிம்பம் தடுக்கவே முடியாது. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பு ஆடுகிறவர்கள் கவனிக்க: அங்கே அடி 5 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தவறினாலும் ஒரு பிம்பம் போய்விடும்.

கேள்வி: எல்லாப் பிம்பத்தையும் ஒரே அடியில் காலி செய்ய வழி?

டிஸ்பெல் மேஜிக் (மந்திரத்தை முறிக்கும் மந்திரம்). மிரர் இமேஜ் இரண்டாம் நிலை மந்திரம், டிஸ்பெல் மூன்றாம் நிலை. ரோலே வேண்டாம், ஒரேயடியாகப் போய்விடும்.

கேள்வி: அப்படியென்றால் சிமுலாக்ரமும் இப்படித்தானா?

இல்லை, அது வேறு ஜாதி. மிரர் இமேஜ் வெறும் தோற்றம். சிமுலாக்ரம் பனியால் ஆன, தனக்கென்று ஹிட் பாயின்ட் உள்ள நகல்; அந்த ஹிட் பாயின்ட் மூலவருடையதில் பாதி. ஃபயர்பால் அதைச் சுடும், மேஜிக் மிஸைல் குத்தும். ஆனால் விதிப்படி அது கன்ஸ்ட்ரக்ட் (செய்யப்பட்ட உருவம்), மனித இனம் இல்லை என்பதால் ஹோல்ட் பெர்சன் பிடிக்காது. டிஸ்பெல் மேஜிக்கும் உண்டு, ஆனால் சிமுலாக்ரம் ஏழாம் நிலை மந்திரம் என்பதால் டிஸ்பெல்லை மூன்றாம் நிலை ஸ்லாட்டில் போட்டால் உருட்டலில் குறைந்தது 17 எடுக்க வேண்டும். ட்ரிக்கரி (தந்திர) வகைக் கிளெரிக்கின் இரட்டை உருவம் இன்னொரு வகை. அது அடி வாங்க வந்ததில்லை, அதன் இடத்திலிருந்து நீங்கள் மந்திரம் விடலாம்.

கேள்வி: பிம்பத்தைக் காப்பாற்ற ஷீல்ட் (ஏசியைக் கொஞ்ச நேரம் ஏற்றும் மந்திரம்) போடலாமா?

2014-இல் முடியாது. ஷீல்ட் உங்கள் ஏசியைத்தான் ஏற்றும், பிம்பத்துடையதை அல்ல. 2024-இல் அடி முதலில் உங்கள் மேல் பட வேண்டும் என்பதால், ஷீல்டால் அடி தவறினால் பிம்பமும் தப்பும். ஷீல்ட் மேஜிக் மிஸைலைத் தடுக்கும், அதனால் ரியாக்ஷனை (பிறர் முறையில் செய்யும் பதில் செயல்) அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என்னிடம் அது இருந்தது, போட மறந்துவிட்டேன்.