பதில்: போயர் மாட்டிய பிறகு 1970 பானவில் கிக் திருப்பி அடிக்கிறது

வணக்கம். உங்கள் 1970 ட்ரையம்ஃப் பானவில் பைக்கில் போயர் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியபின் கிக் திருப்பி உதைக்கிறது, மேட்டில் இன்ஜின் தட்டுகிறது என்றும், ஐடிலிங்கில் ஸ்ட்ரோப் (ஸ்பார்க் விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் விளக்கு) பிடித்து 38° குறிக்கு ஒத்துவைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். 38° என்பது முழு அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் ஸ்பார்க் அதிகபட்சம் முந்தவேண்டிய கிராங்க் கோணம். போயர் பாக்ஸ் ஐடிலிங்கில் அவ்வளவு தராது, வேகம் ஏற ஏறத்தான் கூட்டும். அதனால் இப்போது ஓட்டத்தில் டைமிங் அளவுக்கு மீறி முந்துகிறது. கிக் உதைப்பதும் மேட்டில் இன்ஜின் தட்டுவதும் அதனால்தான். சரிசெய்யும்வரை வண்டியை முறுக்காதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

முதலில் ஆல்டர்னேட்டர் ரோட்டரில் (கிராங்கோடு சுழலும் காந்தத்தில்) உள்ள குறியையே சோதியுங்கள். பழைய லூகாஸ் கம்பெனி ரோட்டரில் நடு புஷ் தளர்ந்து குறி நகர்ந்துவிடும். கிராங்கில் டிகிரி டிஸ்க் (கோணம் காட்டும் தட்டு) மாட்டி, பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுக்கும் கருவி) வைத்து டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கண்டுபிடித்து, 38°-ஐ நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்ட்ரோப் பிடித்து ஆர்பிஎம்மை மெல்ல ஏற்றுங்கள். குறி நகர்வது 4000, 5000 பக்கம் நிற்கும். நின்ற இடம் 38° ஆக இருக்கவேண்டும். முந்தினால் போயரின் ஸ்டேட்டர் தகட்டை (சுழலாமல் நிற்கும் பிக்கப் தகடு), கேமில் மாட்டிய போயர் ரோட்டர் சுழலும் திசையிலேயே துளி நகர்த்துங்கள். கேம் பாதி வேகத்தில் சுழல்வதால் தகட்டில் 1° என்பது கிராங்கில் 2°. மின்விசிறி ஒன்றை இன்ஜின் முன்னால் வையுங்கள், நின்றபடி ஓடினால் சீக்கிரம் சூடேறும்.

இதற்குப் பிறகும் உதைத்தால் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் போயர் தாறுமாறாக ஸ்பார்க் விடும்.