‘ரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 645 அர்த்தமாமே, உண்மையா? எப்படி மனப்பாடம் செய்வது?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதியைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 பொருள் பிரித்தார்கள். 2011ல் அது செய்தியாகவே வந்தது. அதற்கு முன் 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம், 430. ‘ரன்’னை முடிக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது. அவருக்கு அது சம்பளம் வாங்கிச் செய்த வேலை. உங்களுக்கு என்ன தலையெழுத்து?

யாரோ ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் உங்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, நாளைக்கு ஐம்பது ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்தவராக இருக்கலாம். இல்லையென்றால் கோபிக்க வேண்டாம். நான் மொழியியல் படித்தவன் இல்லை, ஆங்கில ஆசிரியரும் இல்லை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலைப் படித்து, கட்டிங் மாஸ்டருக்கும் டெய்லருக்கும் புரியும்படி சொல்வதுதான் பிழைப்பு.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போன கதை எல்லோருக்கும் தெரியும், அந்த நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் துணிக்குச் சாயம் போட வெளியூர் வெளியூராக அனுப்ப வேண்டியிருந்தது. எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்ததும் அவசர அவசரமாக வெட்டுவோம். அந்த நேரத்தில் இங்கிலாந்து பையர் ஒருவருக்கு சைஸ் செட் சாம்பிள் (ஒவ்வொரு சைஸிலும் தைத்து அனுப்பும் மாதிரி) போனது. சிவப்பு பாடி, கழுத்துக்கு வெள்ளை ரிப். வந்த பதில் மொத்தமே நாலு வரி:

“தி மீடியம் ரன்ஸ் ஸ்மால். கேன் யூ ரன் அப் டூ மோர் பை ஃப்ரைடே? ஐ வில் ரன் தெம் பை டிசைன். ஆல்சோ, தி ரெட் இஸ் ரன்னிங்.”

நாலு வரியில் நாலு ‘ரன்’. எங்கள் பேக்டரி மேனேஜர் படித்துவிட்டு, “தம்பி, மீடியத்தைச் சின்ன லாட்டா ஓட்டச் சொல்றாங்க. அப்புறம் ரெண்டு லாட் சேர்த்து ஓட்டணுமாம், டிசைன் மாறாம. மாஸ்டருகிட்டச் சொல்லிருங்க” என்றார். கடைசி வரியில்தான் அவருக்கே குழப்பம். “செகப்பு ஓடிட்டு இருக்குன்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். பேக்டரியில் ‘ஓடுது’ என்றால் லைனில் தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். “மூணாவது லைன்ல என்ன ஓடுது?” “நேவி ஓடுதுங்க.” தினமும் நூறு தடவை பேசுகிற பேச்சு. அவர் தன் தமிழைக் கொண்டு அந்த மெயிலைப் படித்தார். முக்கால்வாசி நேரம் அப்படிப் படித்தால் சரியாகவே வரும், அன்றைக்கு வரவில்லை.

“இல்லீங்கண்ணா, அளவு சிறுசா இருக்குன்னு சொல்றாங்க. சாயம் வேற போகுதாம்” என்றேன். அவர் நம்பவில்லை. பையருக்கு அனுப்பியதைப் போலவே தைத்து நாங்கள் கையில் வைத்திருந்த கவுண்டர் சாம்பிளை எடுத்து டேப் வைத்தேன். அளவு ஷீட்டில் இருந்ததைவிட மார்பு ஒரு இஞ்ச் குறைவு. வந்த துணியை விரித்து ஆறப் போடாமலே வெட்டியதால் வெட்டிய பிறகு சுருங்கியிருக்கிறது, பின்னலாடைத் துணியின் குணம் அது. அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீரில் பீஸை முக்கி எடுத்தேன். வெள்ளைக் கழுத்து ரோஸ் கலராகி வெளியே வந்தது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டிங்குக்கு போன் போட்டு “மாஸ்டர், நிறுத்துங்க” என்றார்.

அந்த நாலையும் பிரித்துச் சொல்கிறேன். ‘ரன்ஸ் ஸ்மால்’ என்றால், அந்த சைஸில் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிடச் சின்னதாக இருக்கிறது. ‘ரன் அப்’ என்றால் சட்டென்று தைத்துக் கொடுப்பது. கடனை ஏற்றிக்கொள்வதற்கும் இதே ‘ரன் அப்’தான். ‘ரன் தெம் பை டிசைன்’ என்றால் டிசைன் ஆட்களிடம் ஒரு வார்த்தை காட்டிக் கேட்டுக்கொள்கிறேன் என்பது, அதில் ஓட்டமும் இல்லை மெஷினும் இல்லை. ‘ரெட் இஸ் ரன்னிங்’ சாயம் பரவுவது. நாம் சாயம் போகுது என்கிறோம், அவர்களுக்கு ஓடுகிறது.

எனக்கு இது எப்படிப் புரிந்தது? பட்டியல் படித்து இல்லை. ‘ரன்’னுக்குப் பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பார்ப்பேன். கலர் நின்றால் சாயம், சைஸ் நின்றால் அளவு, மூக்கு நின்றால் சளி, குடும்பம் நின்றால் பரம்பரை. அவ்வளவுதான் வித்தை.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, இதை ஆங்கில வகுப்பில் சொல்லித்தர மாட்டார்கள். நம் ‘ஓடு’ம் ஏறக்குறைய அதே ஊரெல்லாம் சுற்றுகிறது. மெஷின் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, ஆட்டோ மீட்டர் ஓடுகிறது, மனதில் ஒரு யோசனை ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் ‘ரன்’னே போடலாம், யோசனையையும் சேர்த்து. இயந்திரம் வந்த பிறகு, பிறகு கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்னும் பெருத்தது. தமிழிலும் புரோகிராம் ‘ஓடுது’ என்றுதானே சொல்கிறோம்? (“தமிழை ஏன் ஆங்கிலத்தோடு ஒப்பிடுகிறாய்” என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு: மேலே கீழே என்று நான் எதுவும் சொல்லவில்லை.)

இடறுவது ஒத்துப்போகாத இடத்தில்தான். அவர்கள் கம்பெனியை ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். அவர்களுக்குக் காய்ச்சல் ஓடுகிறது, நமக்கு அடிக்கிறது. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், ஆங்கிலேயர் நம்மைப் போலவே நிற்கிறார். பெண்கள் போடும் மெல்லிய ஸ்டாக்கிங்கில் இழை விட்டு நீளமாகக் கிழிந்தால் அமெரிக்கருக்கு அது ‘ரன்’, ஆங்கிலேயருக்கு ‘லேடர்’. எங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று உண்டு: ‘ரன் ஆஃப் தி மில்’. மில்லிலிருந்து வந்த சரக்கைத் தரம் பிரிக்காமல் அப்படியே விற்பதைச் சொன்ன பேச்சு, இன்று சாதாரணமானது, விசேஷமில்லாதது என்ற பொருளில் நிற்கிறது. இப்படி ஒத்துப்போகாததை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சின்ன நோட்டே போதும்.

அந்த வெள்ளிக்கிழமை சாம்பிள் போனது. இரவு பதினொன்று வரை உட்கார்ந்தோம். தைத்த டெய்லருக்கு ஒன்றரை ஷிப்ட் சம்பளம், நியாயம்தான், அவர் உழைத்தார். எனக்கு? ‘ஸ்டாஃப்’ என்று ஒரு பட்டம். திருப்பூரில் ஸ்டாஃப் என்றால் ஓவர்டைம் கேட்கக் கூடாத ஜாதி என்று அர்த்தம். பையர் ஊரில் மதியம் இருக்கும்போது நமக்குச் சாயங்காலம் முடிந்திருக்கும். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து மெயில் போடுவார்கள், நாம் சாப்பிடாமல் பதில் போடுவோம். இதில் லேப் டிப் (பையர் ஓகே சொல்ல வேண்டிய சாய மாதிரி) லேட்டானாலும் மெர்ச்சன்டைசர், லேபிள் வராவிட்டாலும் மெர்ச்சன்டைசர், கப்பல் கிளம்பாவிட்டாலும் மெர்ச்சன்டைசர். வருடக் கடைசியில் இன்க்ரிமென்ட் கேட்டால் “மார்க்கெட் டல்லா இருக்குங்க தம்பி.” இது நான் வேலை பார்த்த எந்த ஒரு கம்பெனியையும் குறித்துச் சொன்னதில்லை. ஊருக்கே பொது. முதலாளிகள் யாராவது படித்தால், உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லத்தான் செய்வேன்.

சரி, உங்கள் கேள்விக்குக் கீழே ‘ரன் அவுட்’, ‘ரன் ஓவர்’ இரண்டையும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கிரிக்கெட் ரன் அவுட் உங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களில் ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது: நூல், பால், பொறுமை எதை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம். ‘ஆஃப்’ மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘ரன் ஓவர்’ வண்டியோடு வந்தால் ஆள் மீதோ நாய் மீதோ ஏற்றியது, மீட்டிங்கோடு வந்தால் நேரம் தாண்டிப் போனது. பையர் “சாரி, ஐ ரன் ஓவர்” என்று எழுதினால் விபத்து என்று பயந்து போன் போடாதீர்கள், பேச்சு இழுத்துவிட்டது என்று சொல்ல வருகிறார். சரியான ஆங்கிலத்தில் அது ‘ரான் ஓவர்’ என்று வந்திருக்க வேண்டும். எங்கள் பையர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை.