எந்த அன்றாடத் தொல்லையைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்?

"உங்களுக்கு அதிகாரம் கிடைத்தால் எந்தத் தினசரித் தொல்லையைக் குற்றமாக்குவீர்கள்?" என்பது கேள்வி. நான் திருகோணமலைக்காரன். அதனால் என் பதிலில் கடலும் மானும் பஸ்ஸும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இப்படிக் கேட்டால் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது ரோட்டில் குப்பை கொட்டுவது, பொது இடத்தில் சிகரெட் ஊதுவது, கடையில் விலை கூட்டி விற்பது போன்றவைதான். இலங்கையில் இவை எல்லாம் ஏற்கெனவே குற்றம். வீதியிலும் வடிகானிலும் அழுக்குக் கொட்டக்கூடாது என்கிற தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862இல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. பொது இடத்துப் புகைத்தலுக்கு 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சோடாப் போத்தலில் அச்சடித்த விலைக்கு மேலே "கூலிங்குக்கு" என்று பத்து ரூபாய் சேர்த்து எடுக்கிற கடைக்காரரைப் பிடிக்க 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகார சபைச் சட்டம். அரச அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வருகிறதே, அது அரசியலமைப்புக்கே விரோதம். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சிங்களம் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் போவதுதான் இன்றுவரைக்கும் எங்கள் வீட்டு நடைமுறை.

ஆகவே சட்டம் இல்லாமல் வருகிற தொல்லை குறைவு. சட்டம் இருந்தும் அதை எடுத்துக் கதைக்க ஊரில் ஒருவருக்கும் வாய் வராத தொல்லைதான் கூட. அதில் என்னுடைய முதல் வாக்கு ஒலிபெருக்கிக்கு.

உவர்மலையோ உப்புவெளியோ, எங்கள் ஊரில் எங்கே வீடு எடுத்தாலும் ஒரு கூப்பிடு தூரத்தில் கோவிலோ பள்ளிவாசலோ விகாரையோ தேவாலயமோ இருக்கும். ஊரின் அழகே அதுதான் என்பார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் நாலிலும் குழாய் ஸ்பீக்கர் இருக்கிறது. மற்றவர்களுடையதைப் பற்றி அவரவர் எழுதட்டும், நான் எங்கள் கோவிலைப் பற்றிச் சொல்கிறேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஒரு சின்ன லொறியில் சாமான் வந்து இறங்கும். கோவிலுக்கு உள்ளே இரண்டு பெட்டி வைப்பார்கள். மிச்சக் குழாய் முழுக்க வெளியே, வேப்பமரத்திலும் மின்கம்பத்திலும், வாய் ஊர்ப்பக்கம் பார்த்தபடி கட்டப்படும். சாமி கும்பிட வந்தவருக்குக் கேட்க வேண்டுமென்றால் குழாய் உள்பக்கம் பார்க்க வேண்டும் இல்லையா? இது வராதவனைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடு. விடிய நாலரைக்கு "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்று தொடங்கும். சவுண்ட்காரத் தம்பி பென்டிரைவைச் செருகிவிட்டு மடத்துத் திண்ணையில் படுத்துவிடுவான். பாட்டு ஓரிடத்தில் சிக்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அம்மன் கூடச் சலித்திருப்பாள், தம்பி எழும்ப மாட்டான்.

பிறகு வருவது அறிவித்தல்கள். பாதையை மறித்து நிற்கும் வெள்ளை வேன்காரர் தயவுசெய்து வரவும். சிவப்புச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் எங்களிடம் நிற்கிறான், பெற்றோர் வரவும். இவை தேவையானவை, இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகுதான் திருவிழாவுக்குக் காசு கொடுத்த உபயகாரர் பட்டியல். கனடாவில் வசிக்கும் இன்னார், சுவிஸில் வசிக்கும் இன்னார், அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஒவ்வொருவராக. அவர்கள் அங்கே நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கனடாவுக்கு இன்டர்நெட்டில் போகிற செய்தி எதற்காக என் படுக்கையறை வழியாகப் போக வேண்டும் என்பது எனக்கு விளங்குவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், வடிவாக இருக்கிறது. வெலிகமவில் இருந்து போன ஒரு வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக்கூடாது. சமய விழா போன்ற விசேஷத்துக்கு அந்த நேரத்தில் கொடுப்பதென்றாலும் அயலில் குடியிருக்கிறவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அயலில் குடியிருக்கிறவன் நான். என் கருத்தைக் கேட்டு இதுவரை ஒரு பொலிஸ்காரரும் படியேறவில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்திருக்கிறேன்.

சரி, நீங்கள் போய் முறைப்பாடு கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கோவிலைப் பற்றிக் கொடுத்தால் அடுத்த நாளே "என்ன, நீங்கள் வேதத்துக்கு மாறிட்டீங்களோ?" என்று, கிறிஸ்தவனாகிவிட்டேனோ என்ற அர்த்தத்தில், கேட்பார்கள். பள்ளிவாசலைப் பற்றி ஒரு தமிழன் வாய் திறந்தால் அது சத்தத்தைப் பற்றிய கதையாக இருக்காது, பின்னேரத்துக்குள் பேஸ்புக்கில் வேறு கதையாகியிருக்கும். விகாரையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த கிண்ணியா முஸ்லிம் நானா ஒருவர் இதே புலம்பலைத் தன் பக்கத்தில் இருந்து சொல்வார். "தம்பி, நான் சொன்னா எங்கட ஆக்களே என்னை ஏசுவாங்க, நீங்க சொன்னா பிரச்சினையாகும், ரெண்டு பேரும் பேசாம இருப்பம்." மூன்று இனமும் ஒற்றுமையாகச் சாதித்த விஷயம் இந்த ஊரில் இது ஒன்றுதான்.

உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஒரு சின்ன அசைவு இருக்கும். பிள்ளை படிக்கிற வீட்டு அம்மா ஒருவர் பரிபாலன சபைக்காரரிடம் போய்க் கெஞ்சுவார். "சரி பிள்ளை, குறைக்கச் சொல்றன்" என்று சொல்லி அவரும் மனதாரக் குறைப்பிப்பார். அரை மணித்தியாலத்தில் அது தானாக ஏறிவிடும். யார் ஏற்றியது என்று கேட்டால் ஒருவரும் இல்லை.

எனவே நான் கேட்பது புதுத் தண்டனை இல்லை. முறைப்பாட்டுக்காரன் இல்லாமலே வேலை செய்கிற விதி வேண்டும். வாடகைக்குச் சாமான் கொடுக்கிற சவுண்ட் கடைக்கு அனுமதிப்பத்திரம். வெளியே பார்த்த குழாய் கட்டினால் கோவிலுக்கு இல்லை, அந்தக் கடைக்குக் குற்றம். கடைக்காரர் தொழில் போகுமென்று தானே உள்பக்கம் திருப்பிக் கட்டுவார். அயலவன் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது கைப்பேசி ஸ்பீக்கர். இதற்கு உண்மையாகவே புதுச் சட்டம் வேண்டும்.

திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு பஸ் போகும். எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு அண்ணை. போனை காதில் வைக்கவில்லை. பாண் துண்டைக் கடிக்கப் போகிறவர் மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கதைக்கிறார். மற்றப் பக்கம் கதைக்கிறவர் மச்சானாம். கந்தளாய் தாண்டும்போது காணி ஒன்றின் எல்லை வேலியைப் பற்றிய விபரம் முழுவதும் பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. ஹபரணைக் காட்டில் சிக்னல் விட்டது. எனக்கு நிம்மதி, முன் சீட்டு அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். அவர் திரும்பி, "பிறகு அந்த உறுதி ஆரின்ர பேரில இருக்கு?" என்று நேராகவே கேட்டார். அண்ணையும் பதில் சொன்னார்! தம்புள்ளையில் "சரி வைக்கிறன்" என்றார். குருநாகலிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் வைத்த பிறகு பின்சீட்டில் ஒரு பொடியன் குட்டிக் குட்டி வீடியோ போட்டுப் பார்க்கத் தொடங்கினான். ஒவ்வொன்றிலும் பாதிச் சிரிப்பு, பாதிப் பாட்டு, எதுவும் முடிவதில்லை. முழுப் பாட்டாக இருந்தாலாவது கேட்டுவிட்டுப் படுக்கலாம். இதற்கு நான் எழுதும் சட்டம் ஒரு வரிதான்: பொது வாகனத்தில் இயர்போன் இல்லையென்றால் சத்தமும் இல்லை. பஸ்காரரின் சொந்த டீவிக்கும் அது பொருந்தும்.

பஸ் என்று வந்ததால் ஹோர்னையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் 2011இல் விதி வந்தது, இரண்டு மீற்றர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. அளக்கிற கருவியோடு யாராவது எங்கள் பஸ் நிலையத்தில் ஒரு காலை நேரம் நின்றால் தேவலை. நிலாவெளி போகிற பஸ் ஒன்று "போகுது, போகுது, ஏறுங்கோ" என்று ஆளை ஏற்றிவிட்டு, ஒரு முழம் முன்னால் உருட்டும், ஒரு முழம் பின்னால் உருட்டும், இடையிடையே ஹோர்ன். எஞ்சின் ஓடுவதால் புறப்படப் போகிறது என்று நாங்கள் நம்ப வேண்டும். பின்னால் அடுத்த பஸ் வந்து நின்றதும் பிசாசு பிடித்த ஓட்டம். மிச்சக் காசு கேட்டால் "இறங்கேக்க தாறன் அண்ணை". இறங்கும்போது பஸ் நிற்பதே இல்லை, அதில் எங்கே காசு.

மான் கதைக்கு வருகிறேன். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது என்பதால் சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் புள்ளிமான் ரோட்டில் நடக்கும். கோட்டைக்குள், கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், கடற்கரையில், சந்தைப் பக்கம், பஸ் நிலையத்தில் எல்லாம் மாடு மாதிரிச் சுற்றும். யாரும் ஒன்றும் செய்வதில்லை, அதுகளும் பயப்படுவதில்லை. யாத்திரை பஸ்களில் வருகிற சனம் மானைக் கண்டதும் துள்ளிக் குதித்துப் பிஸ்கட் கொடுக்கும், படம் எடுக்கும். அதுவரைக்கும் பரவாயில்லை. சாப்பிட்ட பிறகு சோத்துப் பார்சலைச் சுருட்டி அப்படியே மதிலோரத்தில் வைத்துவிட்டு ஏறிவிடுவார்கள்.

கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். மான் முதலில் மிச்சச் சோற்றை நக்கும். பிறகு சோறு சுற்றியிருந்த, குழம்பு பட்ட லஞ்ச் சீட்டின் ஒரு மூலையை வாயில் எடுக்கும். உப்பும் எண்ணெயும் ஊறியது, அதற்குப் பொலித்தீன் என்றா தெரியும்? மெல்ல மெல்ல முழுச் சீட்டும் உள்ளே இழுபட்டுப் போகும். பிடித்து இழுக்கலாம் என்று ஒரு தரம் கிட்டப் போனேன், அது ஒரு துள்ளலில் வாயில் தொங்கிய துண்டோடு மறைந்துவிட்டது. இறந்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் கட்டியாக இருந்ததைச் செய்திகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரில் இருந்து நாட்டில் தடை. தடையின் பிறகும் நான் பார்த்தது அதைத்தான். மக்கும் சீட்டு என்று இப்போது விற்பதும் மானின் வயிற்றில் மக்குமா என்று ஒருவரும் சொல்லக் காணோம். கோட்டை வாசலில் வாகனத்தை மறித்து, கொண்டுவந்த பார்சலை வெறும் சீட்டாகத் திருப்பிக் காட்டினால்தான் வெளியே விடுவோம் என்று ஒரு விதி போட்டால் நான் சம்பளம் இல்லாமல் அந்த வாசலில் நிற்கத் தயார்.

இன்னும் ஒரு குற்றவாளி இருக்கிறார். சட்டப் புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லாதவர். அரச அலுவலகமோ, ஆஸ்பத்திரியோ, வங்கியோ, வரிசையில் இருபது பேர் நிற்கும்போது பக்கவாட்டில் வந்து, "ஒண்டு கேட்டிட்டுப் போறன்" என்று கண்ணாடிக்குள் தலையை விடுகிறவர். கேள்வி ஒன்றல்ல. கேட்டு முடிந்ததும் இடுப்பில் இருந்து ஒரு பைல் வெளியே வரும். உள்ளே இருக்கிற உத்தியோகத்தர் அவரை விரட்டலாம், ஆனால் வாங்கிப் பார்த்து முத்திரையும் குத்திக் கொடுப்பார். வரிசையில் நிற்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். எங்களில் யாராவது வாய் திறந்தால், "அவசரம் தம்பி, அம்மாவுக்கு ஏலாது" என்பார். எல்லோருக்கும் அம்மா இருக்கிறா. இவருக்கு அபராதம் வேண்டாம். வரிசையின் கடைசியில் நிறுத்தி, முன்னால் நிற்கிற எல்லோருடைய வேலையும் முடியும்வரை அவருடைய பைலை அந்த உத்தியோகத்தரே கையில் வைத்திருக்க வேண்டும். குற்றத்தில் பாதி உத்தியோகத்தருடையது.

கடைசியாக ஒரு விதிவிலக்கு. பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் பாணும் பணிஸும் விற்கிற பாண் ஓட்டோ வரும். இலங்கையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், பீத்தோவனின் அந்த மெட்டு, கீச்சென்று, ஒழுங்கை முனையில் இருந்தே கேட்கும். மேலே நான் எழுதிய சட்டப்படி வெளியே பார்த்த ஸ்பீக்கர், கேட்க விரும்பாதவனுக்கும் கேட்கிற சத்தம். எதிர்வீட்டு ஐயா, கைக்குழந்தை நித்திரை குழம்புகிறது என்று இரண்டு தரம் சண்டை பிடித்துவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பொலிஸ் வந்து என் கருத்தைக் கேட்டால், அப்படி ஒரு சத்தமே எனக்குக் கேட்டதில்லை என்றுதான் சொல்வேன். மீன் பணிஸ் அந்த நேரம் சூடாக இருக்கும்.