பாக்கெட்டில் சிரிக்கும் பாட்டி யார் வீட்டுப் பாட்டி?

கேள்வி: பிரபலங்களின் குடும்பங்களுக்கும், நாம் தினமும் வாங்கும் உணவு பிராண்டுகளுக்கும் பின்னால் வெளியே தெரியாத கதைகள் உண்டா?

உண்டு. ஏதோ மசாலா பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'பாட்டியின் கைப்பக்குவம்' என்று படித்துவிட்டுத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பாலக்காடு எலப்புள்ளிக்காரன். ராமசேரி இட்லி என்று யூடியூபில் பார்த்திருப்பீர்களே, அந்த ராமசேரி எங்கள் பஞ்சாயத்துதான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த நெசவுக்கார முதலியார்கள் நாங்கள். தறி சோறு போடாதபோது இட்லி போட்டது. மண்பானை வாயில் கயிற்று வலை, அதன்மேல் துணி, துணியில் குட்டித் தோசை மாதிரி ஊற்றிய மாவு. தொட்டுக்கொள்ளப் பொடியும் தேங்காய் எண்ணெயும்.

இதே எலப்புள்ளியில்தான் 1928இல் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார். நாலு வயதில் அப்பா போய், தாத்தா வீட்டில் வளர்ந்து, சினிமா கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். இதைச் சொன்னால் கோயம்புத்தூர்ச் சொந்தக்காரர்களே "அவர் மலையாளியா?" என்று கேட்கிறார்கள். எங்களையும் அப்படித்தான். எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் மலையாளத்தான், கேரளப் பக்கம் வந்தால் பாண்டி, அதாவது தமிழன். ரேஷன் கார்டில் என் பெயரை மலையாளத்தில் தப்பாக எழுதி, அதைத் திருத்த நான் அலைந்த கதை தனி. சரி, கேள்விக்கு வருகிறேன்.

பெரிய பிராண்டுகளின் கதை ஒன்றும் பூட்டிவைத்த ரகசியமில்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். எம்.டி.ஆர். 1924இல் பெங்களூரில் தொடங்கிய ஹோட்டல். 1975இல் நெருக்கடி நிலை வந்து, பலகார விலையை அரசு கட்டுப்படுத்தியது. கட்டுப்படியாகாமல் ஹோட்டலை மூட வேண்டி வந்தபோதுதான் பொடியையும் மாவையும் பாக்கெட் போட்டு விற்க இறங்கினார்கள். எங்கள் அடுக்களையில் இருக்கும் ஈஸ்டர்ன் மல்லிப்பொடி, 1983இல் எம்.இ.மீரான் தொடங்கிய கம்பெனியுடையது. எம்.டி.ஆர். உணவுக் கம்பெனியை 2007இல் நார்வேயின் ஓர்க்லா வாங்கியது. 2021இல் ஈஸ்டர்னும் அதே கைக்குப் போனது. அந்த ஓர்க்லாவின் பூர்வீகம் என்ன தெரியுமா? 1654இல் தொடங்கிய ஒரு சுரங்கம். நிறபற அரிசியையும் பிராமின்ஸ் சாம்பார் பொடியையும் அடுத்தடுத்து வாங்கிய விப்ரோ, 1945இல் வனஸ்பதி தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி. இதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. விற்பதும் வாங்குவதும் வியாபாரம்.

என் கதை வேறு. தொண்ணூறுகளின் கடைசி. ஒரு மசாலா கம்பெனிக்காரர் (பெயர் சொல்ல மாட்டேன், மேலே சொன்னவர்களில் யாரும் இல்லை) ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் திண்ணையில் நாலு இட்லி சாப்பிட்டார். அப்புறம் "பொடி எப்படிம்மா செய்றீங்க?" என்றார். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுதிக்கோ தம்பி" என்று அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புழுங்கலரிசியை இரும்புச் சட்டியில் போட்டு, "பொரிஞ்சு வெள்ளையா சிரிக்கணும், சிவக்க விட்டுராதே" என்று கரண்டியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். உளுந்து எவ்வளவு, மிளகு எவ்வளவு, எல்லாம் சொன்னாள். அவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இட்லிக்குக் காசு கொடுத்தபோது பாட்டி வாங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, பாலக்காடு பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு பொடி பாக்கெட் தொங்கியது. பின்பக்கம் பார்த்தேன்: புழுங்கலரிசி, உளுந்து, மிளகு, மிளகாய்... பாட்டி சொன்ன அதே வரிசை. முன்பக்கம் ஒரு பாட்டி படம். கண்ணாடி, பெரிய மூக்குத்தி, குடும்பத்தின் நாலு தலைமுறை ரகசியம் என்று ஒரு வரி. எங்கள் பாட்டிக்கு மூக்குத்தி கிடையாது. அப்பாவின் டைபாய்டு வைத்தியத்துக்கு அடகு வைத்தது, கடையிலேயே மூழ்கிப்போனது.

"பொடி எல்லா வீட்டிலும் அரைப்பதுதானே, உங்கள் பாட்டியா கண்டுபிடித்தாள்?" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள். கண்டுபிடித்தாள் என்று நான் எங்கே சொன்னேன்? ராமசேரியில் வீட்டுக்கு வீடு அதே பொடிதான். எனக்குப் பணமும் வேண்டாம். அந்தப் படத்தில் இருக்கும் அம்மா யார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோபத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. பாட்டி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், "லட்சணமாத்தான் இருக்கா" என்றாள். பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, நக்கிப் பார்த்தாள்.

"அரிசியைச் சிவக்க விட்டுட்டான்" என்றாள்.