சிப்பிக்கு வந்த நோய் சேலத்துக்கு வருமா?

மேட்டூர் கட்லாவும் ஜிலேபியும் தின்று வளர்ந்த ஊர் நம்முடையது. கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. அப்படியிருந்தும் இந்த வாரப் பையைக் கொட்டினால் நாலு கடிதம் சிப்பியைப் பற்றி! அதனால் கேஸ் சிலிண்டர், சலவை இயந்திரக் கேள்விகளெல்லாம் அடுத்த வாரம்.

கேள்வி: வணக்கங்க. நாங்க அழகாபுரம். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் கல்லுமக்காய் ஒரு கிலோ வாங்கினோம், கேரளாவிலிருந்து வந்ததாம். வேகவைத்துப் பிரித்தால் ஒன்றுக்குள் பட்டாணி அளவில், கால் முளைத்த ஏதோ ஒன்று சுருண்டு கிடந்தது. கல்லூரியில் படிக்கும் மகள், "கனடாவில் சிப்பியையெல்லாம் ஒட்டுண்ணி கொல்லுதாம், அது இதுதான்" என்று சட்டியோடு கொட்டச் சொல்லிவிட்டாள். அதற்குள் ஆளுக்கு நாலு சாப்பிட்டிருந்தோம். கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால் சிரிக்கிறார். எங்களுக்கு ஏதாவது ஆகுமா? பணம் கிடைக்குமா?

பதில்: ஒன்றும் ஆகாதும்மா. நீங்கள் பார்த்தது ஒரு நண்டு. பட்டாணிக்கு மேல் பெரிதாக வளராத இனம். சிப்பிக்குள்ளேயே குடியிருந்து, அது வடிகட்டும் தீனியில் பங்கு போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டும். வெளியே போய்ச் சண்டை போட வேண்டிய வேலை இல்லாததால் ஓடுகூட மெத்தென்றுதான் இருக்கும். அமெரிக்காவில் இதைத் தேடிப் பொறுக்கி வறுத்துத் தின்பவர்கள் உண்டு. கடைக்காரர் சிரித்தது தப்பு, ஆனால் பணம் தர மறுத்ததில் தப்பில்லை. நெல்லிக்காயில் கொட்டை இருந்தது என்று வழக்குப் போட முடியாதல்லவா?

உங்கள் மகள் படித்த செய்தி பொய்யல்ல, ஆனால் அது வேறு ஆசாமி. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 2024 ஜூலையில் ஆளிகளுக்கு எம்எஸ்எக்ஸ் என்ற நோய் வந்திருப்பதை அந்நாட்டு உணவு ஆய்வுத் துறை உறுதி செய்தது. (கடற்கரைக்காரர்கள் ஆளி என்பது பாறையில் ஒட்டி வளரும், தின்னக்கூடிய சிப்பியை. கல்லுமக்காய் அதற்குப் பங்காளி முறை.) 1957-இல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ஆளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, நுண்ணோக்கியில் பல உட்கருக்களோடு ஓர் உருண்டை தெரிந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கணக்கில் தெரியாததற்கு எக்ஸ் போடுவோமே, அப்படி வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ஒரே ஒரு செல்லால் ஆன உயிரி அது. கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எதையாவது கண்ணால் பார்த்துவிட்டு 'அந்த ஒட்டுண்ணி' என்று யார் சொன்னாலும் அது அதுவல்ல.

இதே போல ஆளியைக் கொல்லும் இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி பெர்கின்சஸ். அதன் கதை நுகர்வோர் பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம். 1940-களில் அமெரிக்காவின் லூசியானா கரையில் ஆளி வளர்த்தவர்கள், கடலில் எண்ணெய் தோண்டும் கம்பெனிகளால்தான் எங்கள் சிப்பி சாகிறது என்று வழக்குக்குப் போனார்கள். கம்பெனிகள் பணம் போட்டு ஆராய்ச்சிக்கு ஆள் வைத்தன. பிரதிவாதி காசில் நடக்கிற ஆராய்ச்சி என்றால் நானும் உங்களைப் போல மூக்கைச் சுளிப்பேன். ஆனால் அங்கே உண்மையிலேயே ஒரு புது ஒட்டுண்ணி கிடைத்தது. 1950-இல் அதற்குப் பெயரும் வைத்தார்கள். முதலில் பூஞ்சை என்று நினைத்தார்கள், பிறகுதான் பூஞ்சை இல்லை என்று தெரிந்தது.

அது கொல்லும் விதம் விசித்திரமானது. ஒரு ஆளி நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேலேயே தண்ணீரை வடிகட்டக்கூடியது. அந்தத் தண்ணீரோடு ஒட்டுண்ணியும் உள்ளே போகும். ஆளியின் ரத்த அணு அதைப் பிடித்து விழுங்கும். அங்கேதான் வினை. செரிமானமாகாமல் அந்த அணுவுக்குள்ளேயே இரண்டு, நாலு, எட்டு என்று பிரிந்து பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். திருடனைப் பிடித்துத் தன் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த காவல்காரன் கதை. ஆளி மெலியும், சதை தண்ணீராகும். இதெல்லாம் ஓரிரு கோடை எடுக்கும் என்பதால், விற்கிற பருவத்துக்கு வளர்ந்து நிற்கும்போதுதான் சாவும் வருகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாகவும் உப்பாகவும் இருந்தால் இதற்குக் கொண்டாட்டம்.

இத்தனை அட்டகாசமும் சிப்பிக்குள் மட்டும்தான். மனித உடம்பு இவற்றுக்கு ஊரே இல்லை. வேகவைத்துத் தின்றாலும் சரி, பச்சையாகத் தின்றாலும் சரி, இவற்றால் நமக்கு நோய் வராது. கனடா அரசும் அறிவிப்பிலேயே அதைச் சொல்லிவிட்டது.

நான் கேட்க நினைப்பது வேறு: வாங்கும்போது அவை உயிரோடு இருந்தனவா? புரட்டாசி முடிந்த ஞாயிறு என்கிறீர்கள். அன்றைக்கு மார்க்கெட்டில் நிற்க இடமிருக்காது, பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே கூடையில் போகும். வாய் பிளந்து கிடக்கும் சிப்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். உயிருள்ளது மெதுவாகவாவது மூடிக்கொள்ளும். மூடாதது செத்தது, தள்ளிவிடுங்கள். வீட்டில் வேகவைக்கும்போது வாய் திறந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். கடைசிவரை திறக்காததைக் கத்தி போட்டு நெம்பாதீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்தக் கொதி போதாது. சில பருவங்களில் கடலில் சிலவகை நுண்பாசி பெருகி, அதன் நஞ்சு சிப்பிச் சதையில் சேரும். சமைத்தாலும் போகாது. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இப்படிக் கல்லுமக்காய் தின்று உயிர்களே போயின. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நீங்கள் சாப்பிட்டுக் கடிதம் எழுதி, அது என் கைக்கும் வந்துவிட்டது. நீங்கள் தப்பித்தாயிற்று.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதியில் என் கணவரின் அலுவலக விருந்து. ஐஸ் மேல் பச்சை ஆளியைப் பிளந்து வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். பக்கத்தில் 'ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்யப்பட்டது' என்று ஒரு அட்டை. கல்லீரல் கோளாறு உள்ளவர் என்பதால் என் கணவர் தொடவில்லை. எல்லோரும் கேலி செய்தார்கள். அட்டை இருந்தால் நம்பலாமா சார்? (அஸ்தம்பட்டி வாசகி)

பதில்: உங்கள் கணவர் செய்ததுதான் சரி. கேலி செய்தவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் தெரியுமா? பெர்கின்சஸைத் தேட, ஆளியைப் பிளந்து செவுளிலும் மலக்குடலிலும் துணுக்கு வெட்டி எடுத்து, தயோகிளைகோலேட் என்ற ஊட்டக் கரைசலில் போட்டு, இருட்டில் ஐந்து முதல் ஏழு நாள் வைப்பார்கள். ஒட்டுண்ணி இருந்தால் அதற்குள் உப்பிப் பெரிதாகும். பிறகு ஒரு சொட்டு அயோடின் விட்டால் நுண்ணோக்கியில் கருநீல உருண்டைகளாகத் தெரியும். 1952-இல் வந்த இந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதாவது சோதனைக்குப் போன ஆளி ஒருநாளும் தட்டுக்கு வராது. தட்டில் இருப்பது சோதிக்கப்படாத அதன் அண்ணன் தம்பி. போகட்டும், சோதித்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்தச் சோதனை பண்ணைக்காரரின் நஷ்டத்தைத் தடுக்க, உங்கள் வயிற்றைக் காக்க அல்ல.

உங்கள் கணவர் அஞ்ச வேண்டியது விப்ரியோ வல்னிபிகஸ் என்ற பாக்டீரியாவுக்கு. வெதுவெதுப்பான கடல்நீரில் அது இயல்பாகவே இருக்கும். நல்ல உடம்புக்காரரை வயிற்றுப்போக்கோடு விட்டுவிடலாம். கல்லீரல் கெட்டவர்களுக்கு ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது, மிளகாய்ச் சாறு கொல்லாது, பக்கத்துக் கிளாசில் இருப்பதும் கொல்லாது. மணத்திலும் நிறத்திலும் வித்தியாசம் தெரியாது. வேகவைத்தால் மட்டும் சாகும்.

கடற்கரையிலிருந்து சேலம் வந்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போயிருக்கிறது அந்த ஐஸ் பெட்டி. எந்த ஊர்ச் சரக்கு, என்றைக்கு எடுத்தது, வழியில் எத்தனை டிகிரியில் இருந்தது, எடுத்தபின் சுத்தமான நீரில் விட்டுக் கழுவினார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விடுதியில் மிளகு போட்ட ஆம்லெட் நன்றாக இருக்கும்.

சந்தேகப் பண்டத்தை நீங்களே சோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் வழியுண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பண்டம் தரமற்றது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் சேலத்திலேயே இருக்கிறது.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையில் 'ஆய்ஸ்டர் ஷெல்' என்று போட்டிருக்கிறது. சிப்பி நோய் இதில் வருமா? (எழுபது வயது வாசகர், குகை)

பதில்: வராதுங்க ஐயா. ஒட்டுண்ணி வாழ்வது சதையில். மாத்திரையில் இருப்பது ஓட்டின் சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட். நாமக்கல் கோழிகள் முட்டை ஓட்டுக்காகக் கொத்தித் தின்னும் கிளிஞ்சலும் இதே சரக்குதான். அட்டையில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம். சிப்பி என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை, சாதாரண கால்சியம் கார்பனேட் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். மாற்றுவதென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: சார், ஓமலூர் பக்கம் எங்களுக்குக் கிணறும் இரண்டு ஏக்கரும் இருக்கு. நன்னீர் முத்து வளர்ப்பு என்று ஒரு கம்பெனி வந்தார்கள். கரு (முத்து சுற்றி வளர உள்ளே வைக்கும் மணி) வைத்த மட்டி, அதாவது குளத்துச் சிப்பி, ஒன்று 400 ரூபாய், ஆயிரம் எடுக்க வேண்டும். 18 மாதத்தில் முத்தை அவர்களே இரண்டு மடங்கு விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். எல்லா மட்டிக்கும் 'பெர்கின்சஸ் நோய் இல்லை' என்று சான்றிதழும் தருகிறார்கள். அப்பா நகையை வைத்துப் பணம் புரட்டலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தச் சான்றிதழைப் பார்ப்போம்.

பெர்கின்சஸ் கடல்வாசி. உப்புக் குறைந்தாலே அதற்கு வாட்டம். 2010-இல் நம் தென்கிழக்குக் கரையில் முத்துச்சிப்பிகளில் அதன் ஒரு வகை இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது கடல் முத்துச்சிப்பி. உங்களுக்கு விற்க வருவது குளத்து மட்டி, உங்கள் கிணற்றில் ஊறுவதும் நல்ல தண்ணீர். குளத்து மட்டிக்கு இந்த நோய் இல்லை என்று சான்றிதழ் தருவது, ஏற்காட்டுக் காப்பிச் செடியைச் சுறா கடிக்காது என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. பொய் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்தவர் உங்களை என்னவென்று நினைத்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது.

தூத்துக்குடிப் பக்கம் கடலில் சிப்பி வளர்க்க நாற்றுச் சிப்பி வாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஒரு கரையின் சிப்பியை இன்னொரு கரையில் கொண்டுபோய் விடும்போது நோயும் உடன் போகும். பெர்கின்சஸ் வகைகள் இரண்டு, உலக விலங்கு நலவாழ்வு அமைப்பின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருப்பது அதனால்தான்.

குளத்து மட்டியில் நடப்பது வேறு. கூத்து என்னவென்றால், குஞ்சுப் பருவத்தில் மட்டியே ஓர் ஒட்டுண்ணி! மீனின் செவுளில் தொற்றிக்கொண்டு சில காலம் வாழ்ந்த பிறகுதான் உதிர்ந்து சேற்றில் இறங்கும். வளர்ந்த மட்டியைப் பிளந்து கரு வைப்பது ஓர் அறுவைச் சிகிச்சை. அதன்பின் பத்து நாள் கவனிப்பில் வைக்க வேண்டும், அப்போது சில சாகும், சில கருவைத் துப்பிவிடும். பிழைத்தவற்றை நைலான் பையில் இரண்டிரண்டாகப் போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவார்கள். 12 முதல் 18 மாதத்துக்குப் பிறகு எடுத்தாலும் எல்லாம் நகைக்கடைக்குப் போகும் தரத்தில் இருக்காது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ஒட்டுண்ணியைப் பற்றி அல்ல. சிகிச்சைக்குப் பின் நூற்றுக்கு எத்தனை பிழைத்தன, செத்தால் நஷ்டம் யாருக்கு, 'தரமான முத்து' என்று தீர்மானிப்பது யார்? ஒப்பந்தத்தில் இந்த மூன்றுக்கும் வரி இல்லையென்றால் அந்தத் தாள் பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்.

விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் என்றாலே நம் பக்கத்தில் ஈமு கோழி ஞாபகம் வர வேண்டும். 2012-இல் எத்தனை வீட்டு நகை அதில் போயிற்று என்று அப்பாவிடமே கேளுங்கள்.

சட்டமும் இங்கே வழுக்கும். வியாபாரத்துக்காக வாங்கினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் 'நுகர்வோர்' ஆக மாட்டீர்கள். சொந்த உழைப்பில் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் தொழில் என்றால் விதிவிலக்கு உண்டு. ஏமாந்துவிட்டால் அந்த வாசல் வழியாகத்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போவதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் அது பொருளாதாரக் குற்றப்பிரிவின் வேலை.

தொழிலில் உண்மையிலேயே ஆசை இருந்தால், புவனேஸ்வரத்தில் மத்திய அரசின் நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பயிற்சி கொடுக்கிறது. அங்கே போய் உங்கள் கையாலேயே ஒரு மட்டியைப் பிளந்து கரு வைத்துப் பாருங்கள். ஊருக்கு வந்து ஐம்பதோடு ஆரம்பியுங்கள். அதுவரை கம்பெனிக்காரர் போன் செய்தால், அவர்கள் பண்ணையில் ஏற்கெனவே 18 மாதம் முடிந்த பை ஒன்றைத் தண்ணீரிலிருந்து தூக்கி, உங்கள் கண்ணெதிரே பிளந்து காட்டச் சொல்லுங்கள். எந்தப் பை என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல வேண்டாம்.