வாசகர் கேள்விகள்: பெரோவ்ஸ்கைட் சோலார் செல் ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு என்ற பெரோவ்ஸ்கைட் சேர்மத்தில் சோலார் செல்கள் செய்கிறோம். முதல் நாள் திறன் அளவீடு நன்றாக வருகிறது. ஒரே வாரத்தில் கருப்புப் படலம் மஞ்சளாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆய்வு மாணவி, நாகர்கோவில்

பதில்: அந்த மஞ்சள், லெட் அயோடைடு. ஈரமோ சூடோ பட்டால் மெத்தில் அமீன் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது இதுதான். முதலில் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே பரவினால் சீல் சரியில்லை. வெள்ளி எலக்ட்ரோடு மங்கினால், மேல் அடுக்கின் ஊசித்துளைகள் வழியே அயோடின் ஏறி வெள்ளியை அரிக்கிறது. ஸ்பைரோ அடுக்கில் (நேர்மின்னூட்டத்தை எலக்ட்ரோடுக்குக் கடத்தும் அடுக்கு) சேர்க்கும் லித்தியம் உப்பு ஈரத்தை இழுப்பது இன்னொரு வம்பு. படலம் முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் சூடுதான் காரணம். 85 டிகிரியில், ஈரமே இல்லாத நைட்ரஜனில் வைத்தாலும் இந்தச் சேர்மம் தாங்காது.

எனவே சீலுடன் மல்லுக்கட்டும் முன் சேர்மத்தை மாற்றுங்கள். மெத்தில் அம்மோனியத்துக்குப் பதில் ஃபார்மமிடினியம் பெரும்பங்கு, சீசியம் 5 முதல் 10 சதவீதம். சீசியம் இல்லாத ஃபார்மமிடினியம் படலமும் அறை வெப்பத்தில் மஞ்சளாகும். ஆனால் அது வேறு மஞ்சள். 150 டிகிரி ஹாட்பிளேட்டில் வைத்தால் மறுபடி கறுக்கும். லெட் அயோடைடு கறுக்காது. புரோமைடை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். வெளிச்சத்தில் அயோடைடும் புரோமைடும் தனித்தனியாகப் பிரிந்து வோல்டேஜ் இறங்கும்.

கரைப்பான் டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. 4:1. குளோவ் பாக்ஸுக்குள் (ஈரமும் காற்றும் புகாத பெட்டி) கரைசலைக் கண்ணாடியில் விட்டு 1000 ஆர்.பி.எம்.மில் 10 விநாடி, 6000-இல் 20 விநாடி சுற்றுங்கள். முடிய 5 விநாடி இருக்கையில் குளோரோபென்சீன் 100 மைக்ரோலிட்டரை நடுவில் விடுங்கள். பிறகு 100 டிகிரியில் ஒரு மணி நேரம். தாமதமாக விட்டால் படலம் பால்போல் மங்கும். பெரும்பாலான செல்கள் கெடுவது இந்த ஓரிரு விநாடியில்தான்.

கேள்வி: எங்கள் பெரோவ்ஸ்கைட் செல்லின் வோல்டேஜ் 1.05 வோல்ட்டைத் தாண்டவில்லையே?
– விரிவுரையாளர், திருச்சி

பதில்: மேற்பரப்புக் குறைகளில் எலக்ட்ரான்கள் வீணாகின்றன. ஃபினெத்தில் அம்மோனியம் அயோடைடை ஐசோபுரோப்பனாலில் மில்லிக்கு 5 மில்லிகிராம் வரை கரைத்து, படலம் ஆறியபின் மேலே சுற்றிப் பூசுங்கள். அளவு மிஞ்சினால் அது மின்சாரத்தைத் தடுக்கும் தோலாகிவிடும். வோல்டேஜ் கூடியும் ஃபில் ஃபாக்டர் (வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவதில் உண்மையில் கிடைக்கும் பவரின் பங்கு) சரியும். அளக்கும்போது வோல்டேஜை ஏற்றியோ இறக்கியோ எடுக்கும் ஒரு திசை ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். இரு திசையிலும் எடுத்து, அதிகபட்ச பவர் புள்ளியில் சில நிமிடம் நிலைத்து நிற்கும் எண்ணையே எழுதுங்கள்.

கேள்வி: பெரோவ்ஸ்கைட் பேனலை வீட்டு மாடியில் இப்போதே போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 2009-இல் 3.8 சதவீதமாக இருந்த திறன் இன்று 26-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அவை ஆய்வகத்தின் சின்னஞ்சிறு செல்கள். 85 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் என்ற சோதனையில் தேறுவது வேறு, சிலிக்கான் பேனல்போல் 25 வருட வாரண்டி தருவது வேறு. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இரு பக்கமும் கண்ணாடி, ஓரத்தில் பியூட்டைல் ரப்பர் சீல் உள்ளதா என்று கேளுங்கள். உள்ளே செல்லை ஒட்டிப் பொதியும் பிளாஸ்டிக் ஈ.வி.ஏ. ஷீட் என்றால் யோசியுங்கள். அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாது.