அம்மம்மாவின் ‘உது’

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கட்டுரையில், அம்மம்மா “உது என்ன?” என்று கேட்டதாக எழுதியிருந்தாள். ரியூசன் ஆசிரியை ‘உது’வைச் சிவப்பு மையால் வெட்டி ‘அது’ ஆக்கிவிட்டார். வீட்டுப் பேச்சைத் திருத்தினால்தான் எழுத்து வருமாம். ‘ரீச்சர்’ சரியா, தொலைக்காட்சியில் வரும் ‘டீச்சர்’ சரியா என்றும் பிள்ளை கேட்கிறாள். அம்மம்மாவோடு கதைப்பதைக் குறைக்கவா?

ஒரு தாய், சாவகச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மம்மா தன்பாட்டில் கதைக்கட்டும்.

“அ இ உ அம்மூன்றும் சுட்டு” என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் உதிர்ந்துபோன அந்த உகரத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் இன்னும் புழங்குகிறோம்: ‘உது’ என்றால் கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது. “உதை எடுத்துத் தா பிள்ளை” என்றால், உங்கள் மகளின் பக்கத்தில் கிடக்கும் மூக்குக்கண்ணாடியைத்தான் அம்மம்மா கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ‘அது’ என்று திருத்தியதும் கண்ணாடி எட்டப் போய்விடுகிறது.

‘ரீச்சர்’ என்று எழுதுகிறவளுக்கு நல்ல காது. காற்று, பற்று என்று சொல்லிப் பாருங்கள். நம் வாயில் ற்ற ரகரச் சாயலின்றி நுனிநாக்கில் அடைத்து ஒலிக்கும். ஆங்கிலத்தின் ‘t’ ஒலி நமக்கு டகரத்தை விட இதற்கே கிட்ட. றகரம் சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே ரகரம் போட்டோம். கனடாவின் Toronto, ரொறன்ரோ ஆனதும் அப்படித்தான். தமிழ்நாட்டார் ற்ற-வை வேறு விதமாக ஒலிப்பதால் டகரத்தை எடுத்தார்கள். இரண்டும் சரி என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், காரணத்தோடு.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. “அப்பாவும் மாமாவும் கதைத்தார்கள்” என்று எழுதியதை ஓர் ஆசிரியர் “பேசினார்கள்” என்று மாற்றினார். எங்கள் வீட்டில் பேசுவது என்றால் ஏசுவது. “அவர்கள் சண்டை பிடிக்கவில்லை, சேர்” என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு நெடுநாள் வீட்டு ஆட்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பசுவைப் பற்றி எழுதினேன், பசுவுக்கு நான்கு கால்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை, காதில் ஏற்கெனவே இருக்கிற சொல்லை அடையாளம் கண்டுதான் முன்னே போகிறது. அந்தச் சொல்லே பிழை என்றால் எதைப் பிடித்து ஏறுவது? புலமைப்பரிசில் பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், மறுக்கவில்லை. அம்மம்மா சொல்லும் கதையொன்றை அவர் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதட்டும். எதிர்ப்பக்கத்தில் அதையே புத்தகத் தமிழில் எழுதட்டும். இரண்டுக்கும் இடையில் போய்வரப் பழகினால் போதும்.

ஆசிரியையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் அவரும் கேட்கவில்லை, நீங்களும் எழுதவில்லை: அம்மம்மா எதைக் கண்டு “உது என்ன?” என்றார்?